காலந்தாழ்த்துப் பூக்குஞ் செடி

நிலப்பூ, நீர்ப்பூ, கொடிப்பூ, கோட்டுப்பூ என மலர்களை நால்வகையாகப் பகுத்தனர் நம் முன்னோர். அவற்றுள் நிலப்பூவின்பாற் படுவதொரு செடியைப்பற்றி ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அது குளிர்நாட்டுத் தோட்டங்களுக்கு உரியது. நமக்குப் புரட்டாசி, ஐப்பசியாகிய திங்கள்கள் அந்நாடுகளில் இலையுதிர்காலமாகும். கோடைமலர்கள் பெரும்பாலும் வாடியொழிய, இச்செடி அப்பொழுதுதான் மலரத் தொடங்கும்.

ஜெர்மனி தேசத்தில், ரோன்ஸ்டோர்ப் என்னும் ஊரில் 1888ஆம் ஆண்டு நாற்றுப்பண்ணை நிறுவிய ஜியார்க் அரெண்ட்ஸ் என்பவர் இதனை ஆக்கித் தந்தார். கீழ்நாட்டினம் ஒன்றும் ஐரோப்பாவிலும் வளரும் இனம் ஒன்றும் கலந்து பிறந்த இதற்கு, 'இலையுதிர்காலக் களிப்பு' எனப் பொருள்படும் ஹெர்ப்ஸ்ட்பிராய்டே என்பது பெயர். முன்னர் இது சீடம் என்னும் பேரினத்துள் வைத்தெண்ணப்பட்டது. இக்காலத்துத் தாவரநூலார் ஹைலோடெலிபியம் எனப் பிரித்து வழங்குவர்.

இதன் இலை தடித்து நீரைத் தன்னுள் தேக்கிவைப்பது. தண்டு ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் உயரும். அதன் உச்சியில் நுண்ணிய பூக்கள் குடைவிரித்தாற்போல் நெருங்கி நிற்கும். ஆகஸ்டில் வெளிர்பச்சையாயிருந்த அரும்பு செப்டெம்பரில் இளஞ்சிவப்பாகி, அக்டோபரில் செங்கல் நிறமெய்தி, பின்னர்ச் செம்பழுப்பாகும். தேனீக்கள் குளிர்காலத்திற்கு முன் இதனை நாடி வரும்.

இனி, வளர்க்கும் முறை கூறுவோம். நாள்தோறும் ஆறு மணிநேரமேனும் வெயில் படும் இடமும், நீர் தேங்காத மண்ணும் வேண்டும். செடிக்குச் செடி 45 சென்டிமீட்டர் இடைவெளி விடுக. எருவை மிகுதியாக இட்டாலும், நிழலில் நட்டாலும் தண்டு மென்மையாய் நீண்டு, பூவின் பாரந் தாங்காது சாயும். மே மாத இறுதியில் தண்டுகளைப் பாதியளவு கத்தரித்துவிடின், செடி கிளைத்துக் குட்டையாய் உறுதிபெறும். பூப்பது மட்டும் சிறிது தாழும். புதுச் செடி வேண்டுவோர் கோடைத் தொடக்கத்தில் தண்டை வெட்டி, வெட்டுவாய் உலர்ந்தபின் மணலில் நடலாம். சில ஆண்டுகளுக்கொருமுறை இளவேனிலில் தூரைப் பிரித்தும் நடலாம்.

நீர் மிகுந்தால் இது கெடுவதேன்? இதன் குடும்பத்துச் செடிகள் பல வறட்சிக்கென அமைந்தவை. பகலில் இலைத்துளைகளை மூடி நீரைக் காத்து, இரவில் திறந்து கரியமில வாயுவை ஏற்று, அதனைப் புளிப்புப் பொருளாக்கி வைத்துக்கொள்ளும். 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என நம்மவர் வழங்கும் ரணகள்ளியும் அக்குடும்பத்ததே. தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர்க் கும்பினியாரின் தாவரநூலறிஞராய் விளங்கிய பெஞ்சமின் ஹெய்னே என்பவர், அதன் இலை காலையிற் புளித்து நண்பகலிற் சுவையற்றிருத்தலை மென்றுணர்ந்து 1813ஆம் ஆண்டு கடிதமொன்றில் எழுதினார். பிற்காலத்து ஆராய்ச்சிக்கு அக்குறிப்பு ஒரு தோற்றுவாயாயிற்று.

நாமும் விடுதிச் சாளரத்தில் ஒரு ரணகள்ளியை வைத்து, காலையும் மாலையும் தவறாது நீர் வார்த்தோம். ஒரு திங்களுக்குள் அதன் அடித்தண்டு அழுகிற்று. அதற்கு எவ்வளவு நீர் வேண்டும் என்று வினவாமலே அன்பு செய்தோம். எஞ்சிய ஓரிலையை உலர்ந்த மணலின்மேல் இட்டு, அதனை மறந்திருந்தோம். அதன் விளிம்பிலே குட்டிகள் தோன்றின.

குளிர்நாட்டுச் செடிக்கும் இவ்வறிவே வேண்டப்படுவது. பனிக்காலத்தில் அதன் தண்டுகள் கறுத்துக் காய்ந்து நிற்கும். செடி இறந்ததென்று எண்ணி அதனைப் பிடுங்கியெறிவோர் உண்டு. அங்ஙனஞ் செய்யுமுன் குனிந்து அதன் அடியை நோக்குக. அடுத்த ஆண்டிற்குரிய குருத்துக்கள் மண்ணையொட்டி முன்னரே அரும்பியிருத்தலைக் காணலாம்.