நாலு மணிக்குள் கட்டச் சொல்கிறவர் யார்?

"சார், உங்க பேர்ல 2021-ல எடுத்த பர்சனல் லோன் பாக்கி இருக்கு. இருபத்து மூணாயிரத்துச் சொச்சம். கேஸ் ஃபைல் ஆயிடுச்சு. இன்னைக்குச் சாயந்திரம் நாலு மணிக்குள்ள கட்டினா பதினோராயிரத்துல முடிச்சுக்கலாம். இல்லன்னா நாளைக்குக் காலையில ஸ்டேஷன்ல இருந்து ஆள் வருவாங்க." போலி கடன் வசூல் அழைப்புகள் பெரும்பாலும் இந்த அச்சில்தான் இருக்கின்றன. தொகை மாறும். பேசுகிறவர் ஒருநாள் வக்கீல் என்பார், இன்னொரு நாள் வங்கியின் சட்டப்பிரிவு என்பார், துணிந்தவராக இருந்தால் சப்-இன்ஸ்பெக்டர் என்றே சொல்லிவிடுவார். ஆனால் ஒரு பழைய கடன், ஒரு வழக்கு, ஒரு சலுகை, ஒரு கெடு என்ற நான்கும் தவறாமல் இருக்கும். கேட்கிறவர்கள் முதல் மூன்றைப் பற்றித்தான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். அந்தக் கடனை நாம் வாங்கினோமா, அந்த வழக்கு உண்மையிலேயே இருக்கிறதா, பதினோராயிரத்தோடு போனால் லாபம்தானே என்று மனம் கணக்குப் போடுகிறது. அங்கேதான் வழுக்குகிறது. அந்த மூன்றையும் போனில் பேசிக்கொண்டே சரிபார்க்க நம்மால் முடியாது. கெடுவை மட்டும் அங்கேயே, அப்போதே எடைபோட்டுவிடலாம்.

ஏனென்றால் இந்தியாவில் கடன் வசூல் சட்டம் எதுவும் மணிக்கணக்கில் நடப்பதில்லை. தவணை தவறிய கடனை வாராக்கடன் என்று வங்கி வகைப்படுத்துவதற்கே 90 நாள் ஆகிறது. வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடன் அப்படி ஆகி, 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி அந்த வீட்டின் மேல் கை வைக்க நினைத்தால், முதலில் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து 60 நாள் காத்திருக்க வேண்டும். காசோலை பணமில்லாமல் திரும்பிய விஷயத்தில்கூட, மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு ஒரு வரிசை வைத்திருக்கிறது: செக் திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் கடன் கொடுத்தவர் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அது கைக்கு வந்தபின் பணம் கட்ட 15 நாள் அவகாசம், அதற்கும் கட்டாவிட்டால்தான் வழக்கு. வெறும் கடன் பாக்கி என்பது உரிமையியல் விவகாரம். பொய் ஆவணம் கொடுத்து, ஏமாற்றும் எண்ணத்தோடே கடன் வாங்கியிருந்தால் அது குற்றவியல் வழக்காகலாம். கையில் பணமில்லாமல் தவணை நின்றுபோனதற்காக மறுநாள் காலையில் போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போவதற்குச் சட்டத்தில் இடமில்லை. வீடியோ காலில் உட்காரவைத்து மிரட்டும் "டிஜிட்டல் அரெஸ்ட்" என்பதும் சட்டத்தில் கிடையாது; 2024 அக்டோபர் 27 அன்று 'மனதின் குரல்' வானொலி உரையில் பிரதமரே அதைச் சொல்ல வேண்டிவந்தது.

ஆக, நாளைக் கணக்கிட்டு நடக்கும் ஒரு நடைமுறையின் பெயரைச் சொல்லி ஒருவர் நாலு மணி என்கிறார் என்றால், அந்த அவசரம் அவருடையது. உண்மையிலேயே கடன் கொடுத்தவருக்கு ஒரு நாள் தாமதத்தால் நட்டமில்லை, ஒரு நாள் வட்டி கூடும், அவ்வளவுதான். போலிக்காரருக்கோ ஒரு நாள் என்பது நீங்கள் மகனிடம் சொல்வதற்கும், வங்கிக்குப் போவதற்கும், தெரிந்த வக்கீலிடம் கேட்பதற்கும் கிடைக்கும் நேரம். அந்த நேரத்தைத் தராமலிருப்பதில்தான் அவர் பிழைப்பே ஓடுகிறது. அதனால் நான் நம்பும் சோதனை ஒன்றுதான். "நான் போனை வைத்துவிட்டு, கடன் கொடுத்த நிறுவனத்திடமே கேட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அசல் ஏஜென்ட் சலித்துக்கொள்வார், ஆனால் விட்டுவிடுவார். போலிக்காரர் லைனை விடமாட்டார். "கட் பண்ணினா கேஸ் ப்ரொசீட் ஆயிடும்" என்பார், "சீனியர் ஆபீசருக்கு மாத்தறேன்" என்பார். அவர் என்ன சொன்னாலும் வைத்துவிட்டு, கடன் ஒப்பந்தத்திலோ பாஸ்புக்கிலோ அச்சாகியிருக்கும் எண்ணுக்கு அழைக்க வேண்டும். முடிந்தால் கிளைக்கே நேரில் போவது இன்னும் நல்லது. அவர் கொடுத்த எண்ணும் வேண்டாம், இணையத்தில் தேடி முதலில் வந்து நிற்கும் வாடிக்கையாளர் சேவை எண்ணும் வேண்டாம். அங்கேயும் போலி எண்களைப் போட்டுவைக்கிறார்கள்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். "அவர்கள் என் முழுப் பெயர், பான் எண், பழைய முகவரி, லோன் தொகை எல்லாம் சரியாகச் சொன்னார்களே?" சொல்வார்கள். சிம் வாங்கவும் கடன் கேட்கவும் நாம் கொடுத்த ஆதார், பான் நகல்கள் எத்தனை கைகளில் இருக்கின்றன என்பதை யாரும் கணக்கு வைத்துக்கொண்டதில்லை. கடன் செயலிகளின் கதை இன்னும் மோசம். 2021-இல் ரிசர்வ் வங்கி அமைத்த பணிக்குழு, அந்த ஆண்டு ஜனவரி, பிப்ரவரி ஆகிய இரண்டு மாதங்களில் மட்டும் இந்தியர்களுக்குக் கிடைத்த சுமார் 1,100 ஆண்ட்ராய்டு கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவை என்று கண்டது. கடன் வாங்காமல், "தகுதி உண்டா" என்று பார்ப்பதற்காக மட்டும் அப்படி ஒன்றைத் தரவிறக்கி அனுமதிகளை அழுத்தியவரின் விவரமும் தொடர்புப் பட்டியலும்கூட அங்கே போயிருக்கும். உங்களைப் பற்றி ஒருவருக்குத் தெரியும் என்பதால், உங்களிடம் பணம் வாங்க அவருக்கு உரிமை வந்துவிடாது. ட்ரூகாலரில் வங்கியின் பெயர் தெரிவதும் அத்தாட்சி ஆகாது. அந்தப் பெயர்கள் பெரும்பாலும் பயன்படுத்துகிறவர்கள் இட்டவை. வாட்ஸ்அப் படத்தில் இருக்கும் போலீஸ் சின்னத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அடுத்து காகிதம் வரும். அசோகச் சக்கரம், சிவப்பு முத்திரை, கோணலாக ஒரு கையெழுத்து, "கைது வாரண்ட்" என்ற தலைப்புடன் ஒரு பிடிஎஃப். அதில் பார்க்கத் தகுந்தது ஒன்று உண்டு. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. மோசடிக்கான பழைய 420-ஆம் பிரிவு இப்போது 318-க்குள் இருக்கிறது. அதற்குப் பிந்தைய சம்பவத்துக்கும் "ஐபிசி 420" என்றே போட்டிருந்தால் எழுதியவர் இன்னும் பழைய சினிமா வசனத்தில் இருக்கிறார் என்று பொருள். ஆனால் இதை மட்டும் நம்பிவிடக் கூடாது. அதற்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய பிரிவே பொருந்தும். போலிக்காரர்களும் ஒருநாள் புதுச் சட்டத்தைப் படித்துக்கொள்வார்கள். உறுதியான வழி வேறு. நீதிமன்றத்தில் பதிவான வழக்குக்கு சிஎன்ஆர் என்ற, எழுத்தும் இலக்கமும் கலந்த 16 குறி கொண்ட அடையாள எண் உண்டு. அதைக் கேளுங்கள், இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டால் வழக்கு எந்த நீதிமன்றத்தில் இருக்கிறது, அடுத்த வாய்தா எப்போது என்பதுவரை வந்துவிடும். எண்ணைச் சொல்ல மறுத்தால் அந்த வழக்கு அவர் வாயில் மட்டும் நடக்கிறது.

"அசல் வசூல் ஏஜென்ட்களும் இப்படித்தானே மிரட்டுகிறார்கள், எப்படிப் பிரித்தறிவது?" என்று கேட்பவர்களிடம் எனக்கு வாதமில்லை. உண்மைதான். அதனால்தான் குரலின் கடுமையை அளவுகோலாக நான் வைக்கவில்லை. மரியாதையாகப் பேசும் போலி உண்டு, மரியாதை கெட்ட அசல் உண்டு. ஆனால் அசலுக்கு விதி உண்டு. 2022 ஆகஸ்ட் 12 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, கடன் வாங்கியவரின் குடும்பத்தார், நண்பர்களின் அந்தரங்கத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது. நுண்கடனுக்கு அந்த நேரம் காலை 9 முதல் மாலை 6 வரைதான். செயலி வழிக் கடன் என்றால், வசூல் பொறுப்பு யாரிடம் தரப்பட்டிருக்கிறது என்பதை அவர் அழைப்பதற்கு முன்பே நிறுவனம் உங்களுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். அப்படியானால், இரவு ஒன்பதரைக்குக் கத்துகிறவர் போலியாக இருந்தால் பேசத் தேவையில்லை; அசலாக இருந்தால் விதியை மீறுகிறார், புகாருக்கு உரியவர். இரண்டிலும் போனை வைப்பதுதான் சரி.

இந்த வாதங்களில் எனக்கே கனமாகப் படுவது இன்னொன்று. கடனே இல்லாதவர் "நான் வாங்கவே இல்லை" என்று சொல்லிவிட்டுப் போகலாம். உண்மையிலேயே பாக்கி வைத்திருப்பவர் என்ன செய்வார்? அவருக்குக் குற்ற உணர்வு இருக்கிறது, தட்டிக்கழிக்கிறோமோ என்ற கூச்சம் இருக்கிறது, பாதித் தொகையில் முடிகிறதே என்ற ஆசையும் இருக்கிறது. போலி அழைப்புக்கு இவரைவிட வசதியான ஆள் கிடையாது. இவர் மனதில் பதிய வேண்டியது ஒன்று: கடன் மெய்யாகவே இருந்தாலும் அழைப்பு பொய்யாக இருக்கலாம். பதினோராயிரத்தை இன்னொருவருக்குக் கட்டினால் வங்கியின் கணக்கில் ஒரு ரூபாயும் குறையாது. யுபிஐ-யில் ரகசிய எண் போடுவதற்கு முன் திரையில் ஒரு பெயர் வரும். அங்கே கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இல்லாமல் ஏதோ ஒரு தனிமனிதர் பெயரோ "எண்டர்பிரைசஸ்" என்று முடியும் பெயரோ நின்றால், அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம். ரிசர்வ் வங்கி செயலி வழிக் கடனுக்குத் தந்த நெறிமுறைப்படி, தவணைப் பணம் நடுவில் யார் கணக்குக்கும் போகாமல் நேராகக் கடன் தந்த நிறுவனத்துக்கே போக வேண்டும். செட்டில்மென்ட் என்பது உண்மையென்றால் நிறுவனத்தின் கடிதமாக, தொகையும் கடைசித் தேதியும் கடன் கணக்கு எண்ணும் போட்டு, பணம் கட்டுவதற்கு முன்பே வரும். "முதலில் கட்டுங்க, லெட்டர் மெயில்ல வரும்" என்றால் வராது.

"சரி, ஒரு ஆயிரமாவது டோக்கனாகப் போடுங்கள்" என்று இறங்கிவந்தாலும் மறுத்துவிட வேண்டும். அழைத்தவர் தற்செயலாக அசலாகவே இருந்துவிட்டால்கூட அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிணையில்லாத கடனுக்கு வழக்குப் போட, 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் தரும் காலம் மூன்று ஆண்டு. அந்தக் காலம் முடிவதற்குள் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ ஒரு பகுதியைக் கட்டினாலோ, கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கக்கூடும். கட்ட வேண்டிய கடனைக் கட்டாதே என்று நான் சொல்லவரவில்லை. எதை ஒப்புக்கொள்கிறோம் என்று தெரியாமல் போனில் ஒப்புக்கொள்ளாதீர்கள், வாட்ஸ்அப்பில் "ஆம், தருகிறேன்" என்று எழுதாதீர்கள் என்கிறேன். பாக்கி உண்டா என்று தெரிந்துகொள்ள அழைத்தவர் தேவையில்லை. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆளுக்கொரு முழு அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டும். நீங்கள் வாங்காத கடன் அதில் உங்கள் பெயரில் இருந்தால் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்கப்படாவிட்டால் அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம்.

கடைசியாக வருவது வாதமாக வராது, பயமாக வரும். "சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போன் போடுவேன் என்கிறான், போட்டோவை அசிங்கமாக மாற்றி அனுப்புவேன் என்கிறான். கொடுத்துத் தொலைத்தால் தொல்லை விட்டுதே?" விடாது. ஒருமுறை கொடுத்தவர் மறுபடியும் கொடுப்பார் என்று அவர்கள் பட்டியலில் ஏறிவிடுகிறார். கொடுத்ததற்கு ரசீதில்லை, கணக்கு முடிந்ததற்குச் சான்றில்லை. அடுத்த வாரம் வேறொரு குரல் அதே கடனைக் கேட்கும். சொந்தக்காரர்களைப் பொறுத்தவரை, ஜாமீன் கையெழுத்துப் போடாதவர் யாரும் உங்கள் கடனுக்குப் பொறுப்பில்லை. இறந்துபோன அப்பாவின் கடன் என்று மகளிடம் கேட்பதும் இப்போது பெருகியிருக்கிறது. வாரிசின் பொறுப்பு, கைக்கு வந்த சொத்தின் மதிப்போடு நிற்கிறது. சொத்தே வராதவர் தன் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை.

பணம் போய்விட்டால் அடுத்த ஒரு மணி நேரம் முக்கியமானது. உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் கைமாறிக்கொண்டே போவதற்கு முன் கணக்கை முடக்கும் வாய்ப்பு அப்போதுதான் அதிகம். வங்கிக்கும் தெரிவியுங்கள். மிரட்டல் செய்திகளை அருவருப்பில் அழித்துவிடாமல் ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்துவைத்து, மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் தளத்தில் ஏற்றுங்கள். பணம் போகாமல் அழைப்பு மட்டும் வந்திருந்தால் சஞ்சார் சாத்தி தளத்தின் 'சக்‌ஷு' பகுதியில் அந்த எண்ணைப் புகார் செய்யலாம். அசல் நிறுவனத்தின் ஆளே அத்துமீறினால் முதலில் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் புகார், 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கடன் இருப்பதைச் சொன்னால் திட்டு விழும் என்று பயப்படுகிறவர்தான் கதவைச் சாத்திக்கொண்டு அந்த அழைப்பை எடுக்கிறார். அப்பாவோ தம்பியோ மனைவியோ வந்து சொன்னால், எதற்கு வாங்கினாய் என்ற கேள்வியை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அந்தப் போனை வாங்கி வைத்துவிட்டு, வங்கியின் எண்ணை எடுங்கள்.