தொலைபேசி வாங்குமுன் பூட்டை விசாரியுங்கள்

வியாபாரிக்குக் கணக்குப் புத்தகம் எப்படியோ, இன்று கையடக்கத் தொலைபேசியும் அப்படித்தான். இரத்தினபுரியில் கல் வியாபாரம் செய்பவரின் தொலைபேசியில் கல்லின் படமும் கேட்ட விலையும் வாங்குபவரின் இலக்கமும் இருக்கின்றன. தெரணியகலையில் தோட்டத்து மக்களுக்குக் கடனுக்குச் சாமான் கொடுக்கும் கடைக்காரரின் தொலைபேசியில் பல குடும்பங்களின் பெயரும் பாக்கியும் இருக்கின்றன. இவை நம்முடைய இரகசியம் மட்டுமல்ல, நம்மை நம்பியவர்களின் இரகசியமும்கூட.

கடையில் வாங்கும் அன்ட்ரொய்ட் தொலைபேசியில் கூகுள் சேவைகள் அடித்தளத்தோடு சேர்ந்து, விசேட அதிகாரத்துடன் இயங்குகின்றன. தயாரித்த கொம்பனியும் அழிக்க முடியாத செயலிகள் சிலவற்றை வைத்தே அனுப்புகிறது. இட அறிதலைத் திறந்து வைத்து மாணிக்கக் குழியருகே படம் எடுத்தால், குழி இருக்கும் இடமும் படத்தோடு பதியலாம்.

இதற்கு ஒரு வழி, இயங்குதளத்தையே மாற்றுவது. அன்ட்ரொய்டின் மூலக் குறிமுறையை எவரும் எடுத்துப் பாவிக்கலாம். கிரபீன் ஓஎஸ், லினேஜ் ஓஎஸ் ஆகியவை அப்படி உருவானவை. 2023 ஜனவரியில் சென்னை ஐஐடியும் தன் ஆதரவில் வளர்ந்த ஒரு கொம்பனி உருவாக்கிய பார் ஓஎஸ் என்பதை அறிமுகம் செய்தது. முன்கூட்டியே திணிக்கப்பட்ட செயலிகள் அதில் இல்லை. ஆனால் அது கடைச் சரக்கல்ல; இரகசியம் பேண வேண்டிய நிறுவனங்களுக்கே முதலில் வழங்கப்பட்டது.

எல்லாத் தொலைபேசியும் மாற்றத்துக்கு இடம் கொடாது. ஆகவே விலையையும் கமராவையும் பார்க்குமுன் கீழ்வருவனவற்றை விசாரியுங்கள்.

1. பூட்டு: தொலைபேசியை இயக்கியதும் முதலில் ஓடும் சிறு மென்பொருளுக்கு பூட்லோடர் என்று பெயர். அதன் பூட்டைத் திறக்கக் கொம்பனி அனுமதித்தால்தான் வேறு இயங்குதளம் ஏற்றலாம். ஹுவாவி 2018இல் அந்த அனுமதியை நிறுத்தியது. சாம்சங் 2025இல் ஒன் யூஐ 8 உடன் நிறுத்தியது. கூகுளின் பிக்சல் அனுமதிக்கிறது; கிரபீன் ஓஎஸ் ஏற்றியபின் பூட்டைத் திரும்பவும் போடலாம். களவு போனாலும் அது ஒரு பாதுகாப்பு.

2. பழைய தொலைபேசி: அமெரிக்காவின் வெரைசன் கொம்பனி விற்ற பிக்சல்களில் பூட்டைத் திறக்க முடியாது. காசு கொடுக்குமுன் இணையத்துடன் இணைத்து, டெவலப்பர் ஒப்ஷன்ஸ் பகுதியில் ஓஇஎம் அன்லொக்கிங் என்பதை அழுத்திப் பாருங்கள். மங்கிக் கிடந்து இயங்காவிட்டால் வாங்காதீர்கள்.

3. ஆயுள்: பிக்சல் 7க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2027 ஒக்டோபர் வரை, பிக்சல் 8க்கு 2030 ஒக்டோபர் வரை. மலிவென்று பழையதை வாங்கினால், காலம் முடிந்த சரக்கை வாங்கியது போலத்தான்.

4. பதிவு: பதிவில்லாத தொலைபேசிகள் 2025 ஜனவரி 28 முதல் வலையமைப்பில் இணைக்கப்படமாட்டா என்று தொலைத்தொடர்பு ஒழுங்குறுத்தும் ஆணைக்குழு அறிவித்தது. ஐஎம்இஐ இலக்கத்தை 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பாருங்கள்.

5. வங்கிச் செயலி: சில வங்கிச் செயலிகள் மாற்று இயங்குதளத்தில் வேலை செய்யா. உங்கள் வங்கியின் செயலி எப்படி என்று முன்பே விசாரியுங்கள். பழைய தொலைபேசியை அதற்கென்று வைத்துக்கொள்வதும் ஒரு வழி.

கிரபீன் ஓஎஸ்ஸில் நமக்குப் பெரிதும் பிரயோசனமானது ஒன்றுண்டு. வட்ஸ்அப் கேட்டாலும் இலக்கப் பட்டியல் முழுவதையும் கொடுக்காமல், தெரிந்தெடுத்த சிலரை மட்டும் காட்டலாம். தேவையானால் கூகுள் சேவைகளையும் விசேட அதிகாரம் இல்லாத சாதாரண செயலியாக ஏற்றலாம்.

பூட்டைத் திறக்கும்போது தொலைபேசியில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும். முதலில் பிரதி எடுத்து வையுங்கள். இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: எந்த இயங்குதளம் போட்டாலும், எந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் நிற்கிறீர்கள் என்பது சிம் கொம்பனிக்குத் தெரியும். பேஸ்புக்கில் நீங்களே போடுவதை எந்த இயங்குதளமும் மறைக்காது.

எல்லாரும் இன்றே மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாற்ற இடம் கொடுக்கும் தொலைபேசியை வாங்கி வைத்தால், விரும்பும் நாளில் மாற்றலாம். பூட்டுத் திறக்காததை வாங்கினால் அந்தத் தெரிவு நம் கையில் இல்லை.