உருகும் பனியும் யோசெமிட்டி அருவியும்

மலைமுகட்டினின்று வீழும் நீரை நம் முன்னோர் அருவி என்றனர். 'நீர்வீழ்ச்சி' இன்று பெருவழக்காயினும், பழஞ்சொல்லே நம் செவிக்கு இனிது. ஆயின் 'பனி' என்னும் சொல்லில் ஓர் இடர்ப்பாடு உண்டு. முன்பனி, பின்பனி எனப் பருவம் வகுத்த நாம் கருதியது புல்நுனியில் தங்கும் துளியையும் குளிரையுமே. மாதக்கணக்கில் மலையை மூடிக் கிடக்கும் வெண்பனி தமிழ்நிலம் அறியாதது. அதனை நம்பியே ஓடும் அருவி ஒன்றை இங்குக் காண்போம்.

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ளது சியரா நெவாடா மலைத்தொடர். இஸ்பானிய மொழியில் 'பனி மூடிய மலைத்தொடர்' என்பது இப்பெயரின் பொருள். அங்குள்ள யோசெமிட்டி அருவியின் மொத்த உயரம் 739 மீட்டர். மேலருவி மட்டும் 436 மீட்டர்; கீழருவி 98 மீட்டர்; இடையே நீர் படிப்படியாகப் பாறைகளில் இறங்குகிறது. மே மாதத்தில் பேரிரைச்சலுடன் வீழும் இவ்வருவி, ஆகஸ்டு மாதத்தில் பெரும்பாலும் வற்றிவிடுகிறது. அப்போது செல்வோர் காண்பது நீர் வழிந்த தடம் பதிந்த பாறைச் சுவரையே.

இவ்வளவு பெரிய அருவி ஏன் வற்ற வேண்டும்? அதே பள்ளத்தாக்கிற்கு மெர்செட் ஆறு கொணரும் வெர்னல், நெவாடா அருவிகள் ஆண்டு முழுதும் ஓடுகின்றனவே! விடை அருவியில் இல்லை. அதற்கு மேலே உள்ள நிலத்தில் இருக்கிறது. யோசெமிட்டி ஓடையின் நீர்ப்பிடிப்புப் பகுதி பெரிதும் வெற்றுக் கருங்கல்; மண் மிகக் குறைவு. வானினின்று அளவோடு இறக்கப்பட்ட நீர் பூமியில் தங்கவைக்கப்படுவதைத் திருக்குர்ஆனின் 23ஆம் அத்தியாயம், 18ஆம் வசனம் பேசுகிறது. அதனைப் போக்கிவிடவும் இறைவன் ஆற்றலுடையவன் என்றும் அவ்வசனமே உணர்த்துகிறது. மண்ணில்லாப் பாறை நீரைத் தங்கவைப்பதில்லை. எனவே பனியே அவ்வோடைக்கு ஏரி. குளிர்காலம் முழுதும் சேர்ந்த பனி, இளவேனிலில் சிறிது சிறிதாக உருகி ஓடையை நிரப்புகிறது. பனி தீர்ந்ததும் அருவியும் அடங்குகிறது.

கடுங்குளிரில் மேலருவியின் திவலைகள் உறைந்து வீழ்ந்து, அடியில் கூம்பு வடிவக் குன்றாகக் குவியும். அது 90 மீட்டருக்கும் மேல் உயர்வதுண்டு. இளவேனில் முழுநிலா இரவுகளில் கீழருவியின் சாரலில் வானவில் தோன்றும். பகலில் மட்டுமே வானவில் கண்ட நமக்கு இது வியப்பே.

அழகு ஒருபுறம் இருக்க, கலிபோர்னியாவின் நீர்த்தேவையில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை சியராப் பனியே நிறைவு செய்கிறது. ஆகவே ஆண்டுதோறும் அங்கு நீளமான குழாயைப் பனியில் செருகி, உள்ளே சிக்கிய பனியை நிறுத்து, அதில் அடங்கிய நீரைக் கணக்கிடுகின்றனர். வெப்பம் மிகுந்தால் பனியாக வீழ வேண்டியது மழையாக வீழ்ந்து உடனே ஓடிவிடும். எஞ்சிய பனியும் முன்கூட்டியே உருகிவிடும். கோடையில் வயலுக்கு நீர் வேண்டும்போது மலையில் இருப்பு இராது. 2015 ஏப்ரல் 1 அன்று பனியில் அடங்கிய நீர் இயல்பில் 5 விழுக்காடே இருந்தது. பனி அளக்கும் இடமொன்றில் வெறும் புல்தரைமேல் நின்று, நகர்ப்புற நீர்ப் பயன்பாட்டை 25 விழுக்காடு குறைக்குமாறு ஆளுநர் ஜெர்ரி பிரவுன் ஆணையிட்டார். 2023இல் நிலை நேர்மாறானது. இயல்பைப் போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட பனி குவிந்தது. அது உருகிப் பெருக்கெடுக்கும் என்ற அச்சத்தால், ஏப்ரல் இறுதியில் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கின் கிழக்குப் பகுதியையே சில நாள் மூடிவைத்தனர்.