பனியில் பூத்த செம்மை

நுழையும்முன்

பனி என்றதும் வெண்மையும் வெறுமையும் நம் நினைவிற்கு வருகின்றன. ஆனால், உறைபனியிலும் உயிர்கள் வாழ்கின்றன. மலையெனக் குவிந்த பனியின் உருகலை விரைவுபடுத்தும் ஆற்றல் கண்ணுக்குப் புலப்படாத பாசிக்கு உண்டு. அப்பாசியையே உணவாக்கிக்கொள்ளும் ஒட்டுண்ணியும் அங்கு உண்டு. அவ்விரண்டையும் அறிமுகப்படுத்துகிறது இப்பாடம்.

செந்நிறப் பாறைகள்

1818ஆம் ஆண்டு, வடமேற்குக் கடல்வழியைத் தேடிச் சென்ற ஜான் ராஸ் என்னும் பிரித்தானியக் கடற்படை அதிகாரி, கிரீன்லாந்தின் வடமேற்குக் கரையில் வியத்தகு காட்சி ஒன்றைக் கண்டார். கடலோரப் பாறைச் சரிவுகளில் படிந்திருந்த பனி செந்நிறமாகத் தோன்றியது. அவர் அவ்விடத்திற்குச் ‘செந்நிறப் பாறைகள்’ எனப் பெயரிட்டார். பனியின் மாதிரிகளை இலண்டனுக்குக் கொண்டுவந்தார். அவற்றை நுண்ணோக்கியில் ஆராய்ந்த பிரான்ஸ் பாவர், செந்நிறத்திற்குக் காரணம் ஒருவகைப் பூஞ்சையே என்று 1819இல் எழுதினார். அது பூஞ்சையன்று, பாசியே என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

பச்சைப் பாசி சிவந்தது ஏன்?

பனிப்பாசிகள் பச்சைப் பாசி இனத்தைச் சேர்ந்தவை. பச்சையம் கொண்டு ஒளிச்சேர்க்கை செய்பவை. இளவேனிலில் பனி இளகும்போது, பனித்துகள்களுக்கு இடையே ஊறும் நீரில் இவை பெருகுகின்றன. இவற்றுள் பல, கசையிழைகளை அசைத்து மேற்பரப்பை நோக்கி நீந்துகின்றன. அங்குக் கடும் வெயிலும் புற ஊதாக் கதிர்களும் தாக்குவதால், தடித்த சுவர் கொண்ட உறங்குநிலைச் செல்களாக மாறுகின்றன. அச்செல்களில் ‘அஸ்டாசாந்தின்’ என்னும் செந்நிறமி நிறைகிறது. வேகவைத்த இறாலுக்குச் செந்நிறம் தருவதும் இந்நிறமியே. மிகுதியான ஒளியிலிருந்து செல்லைக் காக்கும் குடையாக இது பயன்படுகிறது.

பனிப்பாசி பனித்தூவி படிந்த பரப்பில் வாழ்வது. இறுகிய பனிக்கட்டியின்மேல் வாழ்வது வேறோர் இனமாகும். 1870இல் நோர்டென்ஷோல்ட் என்னும் சுவீடன் நாட்டு ஆய்வாளர் கிரீன்லாந்தின் உட்பகுதிப் பனிப்பரப்பில் பயணம் செய்தார். உடன் சென்ற தாவரவியலாளர் பெர்க்ரன் அங்குப் பழுப்புநிறப் பாசியைக் கண்டறிந்து, தம் தலைவரின் பெயரையே அதற்குச் சூட்டினார். பனியாற்றுப் பாசிகளான இவை, நிலத்தாவரங்களுக்கு மிக நெருங்கிய உறவுடைய பாசிக் கூட்டத்தைச் சேர்ந்தவை.

நிறமும் உருகலும்

வெண்பனி தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் எளிதில் உருகுவதில்லை. நிறமி செறிந்த பாசி படரும்போது பரப்பு கருமையடைகிறது. பாசி ஈர்க்கும் ஒளியில் சிறுபகுதியே ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுகிறது; எஞ்சியது வெப்பமாக மாறிச் சுற்றியுள்ள பனியை உருக்குகிறது. உருகிய நீரில் பாசி மேலும் செழிக்கிறது. இவ்வாறு பாசி உருகலை வளர்க்க, உருகல் பாசியை வளர்க்கிறது. ஆர்க்டிக் பகுதியின் பனியாறுகளில் செய்யப்பட்டு 2016இல் வெளியான ஆய்வொன்று, ஓர் உருகு பருவத்தில் செம்பனிப் பாசிகள் பரப்பின் ஒளி திருப்பும் திறனை 13 விழுக்காடு குறைப்பதாகக் கணக்கிட்டது. பாசியால் பனி விரைந்து உருகும் என்பதை நோர்டென்ஷோல்ட் அன்றே உணர்ந்திருந்தார்.

பாசிக்கும் ஓர் ஒட்டுண்ணி

இப்பாசிகளுக்கும் பகை உண்டு. ‘கைட்ரிட்’ எனப்படும் நுண்பூஞ்சைகள் அவற்றைப் பற்றி வாழ்கின்றன. கைட்ரிட்டின் இயங்குவித்து, ஒற்றைக் கசையிழையால் நீரில் நீந்திச் சென்று பாசிச்செல்லின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. வேர் போன்ற நுண்ணிழைகளை உள்ளே செலுத்தி, செல்லின் சத்தை உறிஞ்சுகிறது. செல் நிறமிழந்து மடிய, வெளியே வித்தகம் பருத்து வெடிக்கிறது. அதிலிருந்து வெளிப்படும் புதிய வித்துகள் அடுத்த செல்லைத் தேடிப் புறப்படுகின்றன.

அலாஸ்காவில் உள்ள குல்கானா பனியாற்றில் ஜப்பானிய ஆய்வாளர்கள் மேற்கொண்ட ஆய்வு 2023இல் வெளிவந்தது. திறந்த பனிக்கட்டிப் பரப்பைவிட, அதில் அமைந்த நீர் நிறைந்த சிறு குழிகளில் வாழும் பாசிகளிடையே இத்தொற்று மிகுதியாக இருந்ததை அவர்கள் கண்டனர். நீந்தும் வித்துகளுக்குத் தேங்கிய நீர் ஏற்றது. வழிந்தோடும் நீரில் அவை பாசியைப் பற்றுவது அரிது. செந்நிறத்திற்குக் காரணம் பூஞ்சை எனப் பாவர் கருதியது பிழையே. எனினும், பனிப்பரப்பில் பூஞ்சையும் இருக்கிறது. பாசியாக அன்று, பாசியை உண்பதாக.

தெரிந்து தெளிவோம்

பனிப்பரப்பில் படிந்த கருந்தூசு வெயிலை ஈர்த்துக் கீழுள்ள பனியை உருக்குவதால் நீர்நிறைந்த சிறு குழிகள் தோன்றுகின்றன. அத்தூசிற்குக் ‘கிரையோகோனைட்’ எனப் பெயரிட்டவர் நோர்டென்ஷோல்ட். ‘குளிர்’, ‘தூசு’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களின் கூட்டே இப்பெயர்.

சிறியதன் பெருமை

கிரீன்லாந்தின் பனி முழுவதும் உருகினால் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 7 மீட்டர் உயரும். அப்பனியை உருக்கும் முதன்மைக் காரணம் மனிதர் செயலால் புவி வெப்பமடைதலே. எனினும், உருகும் வேகத்தைக் கணிக்க முற்படுவோர் வெப்பநிலையை மட்டும் அளந்தால் போதாது. பனியின் நிறத்தைப் பாசி மாற்றுகிறது. பாசியின் தொகையைப் பூஞ்சை குறைக்கிறது. ஆகவே, பாசியைக் கணக்கிடுவோர் பூஞ்சையையும் கணக்கிட வேண்டியுள்ளது. அளவில் சிறியது என்பதால் எவ்வுயிரையும் புறக்கணிக்க இயலாது என்பதே பனிவெளி நமக்கு உணர்த்தும் பாடம்.

கற்பவை கற்றபின்

1. ‘பாசி உருகலை வளர்க்க, உருகல் பாசியை வளர்க்கிறது.’ இத்தொடரைப் படம் வரைந்து விளக்குக.
2. திறந்த பரப்பைவிட நீர்க்குழிகளில் கைட்ரிட் தொற்று மிகுவதேன்? வகுப்பில் கலந்துரையாடுக.