மின் கருவிகளும் நீட்டு ஒயரும்: அங்கத்தினர்க்கு ஒரு பாடம்

1930களில் பைக்காராவிலும் மேட்டூரிலும் பிறந்த மின்சாரம் முதலில் ஆலைகளையும் நகரங்களையுமே பெரிதும் நாடிச் சென்றது. இன்று அது நெசவாளர் தறிக்கூடத்திலும் உழவர் களத்துமேட்டிலும் வேலையாளாக நிற்கிறது. தறிமரத்தில் துளையிட டிரில்லிங் மெஷின், இரும்புச் சட்டத்தை அறுக்கக் கட்டிங் மெஷின், தீவனத்தட்டு நறுக்க மோட்டார் இயந்திரம் ஆகியவை நம்மிடையே பரவிவிட்டன. தனித்தனியே வாங்க இயலாதவர்கள் பொதுவில் வாங்கி, முறைவைத்துப் பயன்படுத்துவதும் உண்டு. இது கூட்டுறவு நெறிக்கு உகந்ததே.

ஆனால், கருவியை வாங்கும்பொழுது பலமுறை ஆராய்கின்ற நாம், அதற்கு மின்சாரம் கொண்டுசெல்லும் நீட்டு ஒயரை ஆராய்வதில்லை. எக்ஸ்டென்ஷன் ஒயர் என்று நாம் அழைக்கும் அதுவே பல விபத்துகளுக்கு வாயிலாகின்றது. ஆகவே அதனையே முதன்மையாகக் கொண்டு இப்பாடத்தை அமைக்கிறோம்.

1. பியூஸ் உயிரைக் காக்குமா?

காக்காது. பியூஸ் காப்பது ஒயரை, மனிதனை அன்று. 5 ஆம்பியர் பியூஸ் என்பது 5,000 மில்லி ஆம்பியர் வரை தடையின்றிச் செல்லவிடும். மனித உடலிலோ சுமார் 10 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே தசைகள் இறுகிப் பிடித்த பொருளை விட முடியாமற் போகலாம். 50 மில்லி ஆம்பியர் ஓரிரு விநாடி பாய்ந்தால் இதயத் துடிப்பே குலையக்கூடும். வியர்த்த கையும் ஈரக்காலும் உள்ளவனுக்கு 230 வோல்ட் மின்சாரம் இதனினும் பன்மடங்கு செலுத்த வல்லது. மனிதன் மடிந்த பின்னும் பியூஸ் முழுமையாகவே இருக்கும்.

இக்குறையை நீக்குவது ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக உள்ளனவா என்று அது இடைவிடாது ஒப்பிடும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு நிலத்திற்குக் கசிந்தால் நொடிப்பொழுதில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறையேனும் அழுத்திப் பார்த்தல் வேண்டும். எனினும், இரு கைகளால் இரு கம்பிகளையும் ஒருங்கே தொட்டவனை அது காக்க இயலாது என்பதையும் மறத்தலாகாது.

2. மூன்றாவது கம்பி

ஒயரின் உள்ளே பழுப்புக் கம்பி மின்சாரத்தைக் கொண்டுவரும். நீலக் கம்பி அதனைத் திரும்பக் கொண்டுசெல்லும். பச்சையும் மஞ்சளும் கலந்த கம்பி எர்த் ஆகும். பழைய ஒயர்களில் இவை முறையே சிவப்பு, கறுப்பு, பச்சை நிறங்களில் இருக்கும். கருவியின் இரும்பு உடலில் மின்சாரம் கசிந்தால், அது மனிதன் வழியே செல்லாமல் நிலத்தை அடைய எர்த்துக் கம்பியே வழி. பிளக்கின் மூன்று முனைகளுள் எர்த் முனை மட்டும் நீண்டும் பருத்தும் இருப்பது, அது முதலில் பொருந்திக் கடைசியில் பிரிய வேண்டும் என்பதற்காகவே.

இரண்டே கம்பியுள்ள மெல்லிய ஒயரை நீட்டினால் இக்காப்பு அறுந்துவிடுகிறது. கருவி ஓடும், ஆதலால் குறை தெரியாது. பிளக்கே இன்றிக் கம்பி முனைகளைச் சாக்கெட்டில் நுழைத்துத் தீக்குச்சியால் இறுக்கும் வழக்கத்தை இன்றே கைவிடுங்கள். சதுரத்துள் சதுரம் வரைந்த குறி உள்ள கருவிகள் இரட்டைக் காப்பு உடையவை. அவற்றிற்கு மட்டுமே எர்த்துத் தேவையில்லை.

மற்றொன்று: சுவர்ப்பக்கம் வரும் முனையில் பிளக்கும், கருவிப்பக்கம் வரும் முனையில் சாக்கெட்டுமே இருத்தல் வேண்டும். மாற்றிப் பொருத்தினால் மின்சாரம் நிறைந்த பித்தளை முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

3. பருமனும் நீளமும்

கருவியில் பொறித்துள்ள வாட் எண்ணை 230ஆல் வகுத்தால், அது எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்பது ஏறத்தாழ விளங்கும். 690 வாட் கட்டிங் மெஷின் 3 ஆம்பியர் இழுக்கும். 2 குதிரைத்திறன் தீவன இயந்திரம் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். புறப்படும் கணத்தில் அதைப் போல் பல மடங்கு கேட்கும்.

இந்த 10 ஆம்பியரை 50 மீட்டர் நீளமுள்ள செப்பு ஒயரில் செலுத்துவதாகக் கொள்வோம். 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயரானால் வழியிலேயே சுமார் 26 வோல்ட் குறைந்துவிடும். 260 வாட் வெப்பமாகி ஒயரைச் சுடும். 1.5 ஒயரானால் குறைவு சுமார் 13 வோல்ட், 2.5 ஒயரானால் சுமார் 8 வோல்ட். மெல்லிய ஒயர் வாங்கி மிச்சம் பிடித்த பணத்தை மோட்டார் சுருள் எரிந்த நாளில் இழக்கிறோம்.

உருளையில் சுற்றிய ஒயரை முழுதும் விரித்த பின்னரே பயன்படுத்துக. சுற்றிய நிலையில் வெப்பம் வெளியேற வழியின்றி மேலுறை உருகிவிடும்.

4. இடத்திற்கேற்ற எச்சரிக்கை

தறிக்கூடத்தில் பிளக்கைச் சுற்றிப் பஞ்சுத் தூசு படிய விடாதீர். சிறு பொறியும் அதில் நெருப்பாகும். நூற்கட்டின் அடியிலோ பாயின் அடியிலோ ஒயரைக் கொண்டுசெல்லாதீர். கட்டிங் மெஷினைத் தறிக்கூடத்துள் இயக்கவே கூடாது. அதன் பொறிகள் பல அடி தூரம் தெறிக்கும். சாயப்பட்டறையின் ஈரத்தரையிலும், குழித்தறியின் ஈரக்குழியிலும் ஆர்.சி.சி.பி. இன்றிக் கருவியை இயக்குதல் அபாயம்.

வயலிலும் களத்திலும் வண்டிப் பாதையின் குறுக்கே ஒயரைப் போடாதீர். எலி கடித்த இடத்தையும் மண்வெட்டி பட்ட இடத்தையும் டேப் சுற்றி மறைப்பது பழுது பார்ப்பது ஆகாது.

கருவியைப் பற்றியும் சில சொற்கள். வட்டத்தகட்டில் பொறித்துள்ள சுழற்சி எண் இயந்திரத்தின் சுழற்சி எண்ணுக்குக் குறையாதிருக்க வேண்டும். தகட்டின் காப்பு மூடியைக் கழற்றக் கூடாது. தோளில் துண்டும் தொங்கும் வேட்டி முனையும் கூடா. கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். தகட்டை மாற்றுமுன் ஸ்விட்சை நிறுத்தினால் போதாது. பிளக்கையும் பிடுங்க வேண்டும்.

ஒருவர் மின்சாரத்தில் அகப்பட்டால் அவரைத் தொடாதீர். முதலில் மின்சாரத்தை நிறுத்துக. இயலாதெனில் காய்ந்த மூங்கிலால் ஒயரைத் தள்ளுக. உயர் அழுத்தக் கம்பியாயின் மூங்கிலும் உதவாது; விலகி நின்று மின்வாரியத்திற்கு அறிவிக்க வேண்டும். மூச்சு நின்றிருந்தால் 108க்கு அழைத்து, உதவி வரும்வரை நடுமார்பை இடைவிடாது அழுத்துக.

5. சங்கத்தின் கடமை

தனியார் ஒயரில் பழுது நேர்ந்தால் உரியவர் அறிவார். பொது ஒயரிலோ, இன்று ஒருவர் வண்டிச்சக்கரத்தில் நசுக்கியது நாளை மற்றொருவர் கையில் உயிருக்கு உலை வைக்கிறது. நாம் ஆய்வு செய்யும் பதிவேடுகளில் கருவி சென்ற தேதியும் வந்த தேதியும் இருக்கும். அது எந்நிலையில் திரும்பிற்று என்ற கலம் இராது. அக்கலத்தைச் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

ஒயரைத் திரும்பப் பெறுபவர் அதனை முழு நீளமும் கையில் உருவிப் பார்த்துக் கையொப்பமிடல் வேண்டும். மூன்று கம்பியும் 2.5 பருமனும் உள்ள ஒயர் ஒன்றும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்திய பலகை ஒன்றும் சங்கமே வாங்கி வைக்கலாம். எர்த்து இணைப்பை உரிமம் பெற்ற மின் பணியாளரைக் கொண்டு சோதிக்க வேண்டும்.

அனைத்தினும் முக்கியமானது ஒன்று. பழுதைத் தாமே வந்து சொல்லும் அங்கத்தினரிடம் அபராதம் கேட்கலாகாது. ஒருவரிடம் கேட்டால் அடுத்தவர் பழுதை டேப்பால் மறைப்பார். சில நூறு ரூபாய்க்காக ஒரு குடும்பத்தின் உழைப்பாளியை இழப்பது எந்தக் கணக்கிலும் லாபம் ஆகாது.

படிப்பு வட்டத்தில் ஆராய வினாக்கள்

1. பியூஸ் இருந்தும் மனிதன் இறப்பது எவ்வாறு?
2. நமது சங்க ஒயரில் எத்தனை கம்பிகள் உள்ளன? எர்த்துக் கம்பி இரு முனையிலும் பொருத்தப்பட்டுள்ளதா?
3. பழுதைச் சொல்பவர்க்கு அபராதம் இல்லை என்று நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்றியுள்ளதா? இல்லையெனில் அடுத்த கூட்டத்தில் அதனைக் கொண்டுவருபவர் யார்?