எண்டோமெட்ரியோசிஸும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும்

கேள்வி: எண்டோமெட்ரியோசிஸ் நோய்க்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் காரணம் என்கிறார்களே, அது என்ன? – பெரம்பலூர் வாசகி

பதில்: கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு, சூலகம் முதலிய பிற இடங்களில் வளர்வதே எண்டோமெட்ரியோசிஸ். மாதவிலக்கு இரத்தத்தின் ஒரு பகுதி கருக்குழாய் வழியே பின்னோக்கி வயிற்றறைக்குள் செல்வதே இதன் வித்து என்று அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1927-இல் விளக்கினார். ஆனால் பெரும்பாலான பெண்களுக்கு அவ்வாறு நிகழ்ந்தும் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கே நோய் வருவதால், வேறு காரணிகளும் தேடப்பட்டன. வயிற்றறையில் தேங்கிய சிவப்பணுக்கள் சிதையும்போது வெளிப்படும் இரும்பு, ஹைட்ரஜன் பெராக்சைடுடன் வினைபுரிந்து, செல்களைத் தாக்கும் நிலையற்ற ஆக்சிஜன் துகள்களை உண்டாக்குகிறது. உடலின் தற்காப்பு நொதிகள் ஈடுகொடுக்க இயலாத அளவுக்கு அவை பெருகும் நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம். அது அழற்சியைத் தூண்டி, புதிய இரத்தக் குழாய்கள் வளரச் செய்து, இடம் மாறிய திசு வேரூன்ற உதவுகிறது. இந்நோயால் உண்டாகும் சூலகக் கட்டியில் காணப்படும் சாக்லேட் நிறத் திரவம், இரும்பு மிகுந்த பழைய இரத்தமே.

இவ்வழுத்தம் நோயின் காரணமா, விளைவா என்பது இன்னும் முடிவாகவில்லை. வைட்டமின் சி, ஈ மாத்திரைகள் இந்நோயின் வலியைக் குறைத்ததாகச் சிறு ஆய்வுகள் கூறினாலும், அவை சிகிச்சைக்கு மாற்றல்ல. பள்ளியையோ வயல் வேலையையோ நிறுத்த வைக்கும் மாதவிலக்கு வலியை, கல்யாணமானால் சரியாகிவிடும் என்று ஒதுக்குவது பெரும் தீங்கு. பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மகளிர் நல மருத்துவரை அணுக வேண்டும், ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டாலும் நோய் இருக்கக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.