அப் ஸ்ட்ரோக்கும் அதே ஓசை தர வேண்டும்: எலெக்ட்ரிக் கிட்டார் பழகுவோர் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

எலெக்ட்ரிக் கிட்டாரில் வேகமாக வாசிக்கத் துடிக்கும் பிள்ளைகள் நம் தேனிப் பக்கத்திலும் இருக்கிறார்கள். கெங்குவார்பட்டி, தேவதானப்பட்டி மாதிரி ஊர்களில் பக்கத்திலேயே ஆசிரியர் கிடைப்பது எளிதல்ல. போனில் வீடியோ பார்த்துத்தான் பலர் பழகுகிறார்கள். வீடியோவில் கண் போவது இடது கைக்கு. எந்த விரல் எந்த ஃப்ரெட்டில் என்று பார்த்துக்கொள்கிறோம், வலது கையை விட்டுவிடுகிறோம். வேகம் கெடுவது அந்த வலது கையில்தான், அதிலும் பிக் கீழிருந்து மேலே வரும் அப் ஸ்ட்ரோக்கில். டவுன் ஸ்ட்ரோக்குக்குக் கையின் எடை துணை நிற்கும், அப் ஸ்ட்ரோக்குக்கு நிற்காது. ஒரு டவுன், ஒரு அப் என்று மாறாமல் அடிப்பதுதான் ஆல்டர்நேட் பிக்கிங். அதில் அப் ஸ்ட்ரோக்கை டவுனுக்குச் சமமாக ஒலிக்க வைப்பதற்கான வழிகளையே இங்கே சொல்கிறேன்.

செய்ய வேண்டியவை

கையைச் சூடேற்றிவிட்டுத் தொடங்குங்கள். மார்கழி, தை விடியலில் கொடைக்கானல் மலைக்காற்று இறங்கும்போது விரல்கள் விறைத்துத்தான் இருக்கும். வெதுவெதுப்பான நீரில் கையை ஒரு நிமிடம் வைத்துத் துடையுங்கள். தோளை உருட்டுங்கள், மணிக்கட்டை மெல்லச் சுழற்றுங்கள். அதன் பிறகு கிட்டாரை எடுத்து, ஐந்தாவது ஃப்ரெட்டிலிருந்து விரலுக்கு ஒரு ஃப்ரெட்டாக 5, 6, 7, 8 என்று ஆறு கம்பியிலும் மெதுவாகப் போய் வாருங்கள். முதல் ஃப்ரெட்டுகள் அகலமானவை. குளிர்ந்த கையை அங்கே விரிக்கத் தேவையில்லை, கை இளகிய பிறகு போகலாம். ஐந்திலிருந்து பத்து நிமிடம் இதற்குப் போதும். மாந்தோப்பிலோ வயலிலோ வேலை செய்துவிட்டு வருபவர் கை ஏற்கெனவே சூடாகத்தான் இருக்கும், ஆனால் இறுகிப்போயிருக்கும். அவர்களுக்குச் சூடேற்றுவதைவிடத் தளர்த்துவதே முக்கியம்.

கர்நாடக சங்கீதத்தின் தொடக்கப் பாடமான சரளி வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்டர்நேட் பிக்கிங்குக்கு அயல்நாட்டுப் புத்தகங்களில் எத்தனையோ பயிற்சிகள் இருக்கின்றன. எனக்குத் தெரிந்து, நம் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஒன்றையே மூன்று காலத்தில் பாடிப் பழகும் முறை கர்நாடக சங்கீதத்தில் நெடுங்காலமாக இருக்கிறது, மெட்ரோனோம் வைத்துச் செய்ய வேண்டியதும் அதையேதான். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். முதல் காலத்தில் தட்டுக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. மூன்றாம் காலம் வரும்போது கை நிமிடத்துக்கு 240 முறை அடிக்கிறது.

சரளி வரிசையின் ராகமான மாயாமாளவகௌளையை கிட்டாரில் இப்படிப் பிடிக்கலாம்: ஐந்தாம் கம்பியில் 7, 8, 11, நான்காம் கம்பியில் 7, 9, 10, மூன்றாம் கம்பியில் 8, 9. எட்டு ஸ்வரம் வந்துவிட்டது. டவுனில் தொடங்கி மாற்றி மாற்றி அடித்துப் பாருங்கள். ஐந்தாம் கம்பியில் டவுன், அப், டவுன். அடுத்து நான்காம் கம்பிக்கு அப் ஸ்ட்ரோக்கோடு போக வேண்டும். அங்கே அப், டவுன், அப் ஆகிறது. மூன்றாம் கம்பிக்கு டவுனோடு போகிறீர்கள். முதல் தாவலில் பிக் இரண்டு கம்பிக்கும் நடுவில் நிற்கிறது, புதிய கம்பியைத் தாண்டி அதன் அடிப்பக்கம் போய் மேலே இழுக்க வேண்டும். இரண்டாவதில் பிக் பழைய கம்பிக்கு மேலே போய்விட்டது, அதைத் தாண்டி நடுவில் இறங்கிக் கீழே தள்ள வேண்டும். இரண்டு தாவலுக்கும் கை எழும்பும் பக்கம் வேறு. சிலருக்கு முதல் தாவல் சரளமாக வரும், சிலருக்கு இரண்டாவது. வராத தாவல் எது என்று கண்டுபிடித்து, அதன் இரு பக்கமும் உள்ள இரண்டிரண்டு ஸ்வரத்தை மட்டும் வெட்டியெடுத்துத் திரும்பத் திரும்ப வாசியுங்கள். வரிசை முழுவதையும் நூறு தடவை ஓட்டுவதைவிட அந்த நாலு ஸ்வரம் பலன் தரும்.

அடுத்து ஜண்டை வரிசை. ஸஸ, ரிரி என்று ஒவ்வொரு ஸ்வரமும் டவுனில் ஒன்று, அப்பில் ஒன்று. அதே ஸ்வரம் இரண்டு தரம் ஒலிப்பதால் இரண்டாவது மெலிந்தால் காது உடனே பிடித்துவிடும். அப் ஸ்ட்ரோக்கைச் சோதிக்க இதுவே நேர்வழி.

நடையை மாற்றிப் பாருங்கள். சதுஸ்ரத்தில் 'தகதிமி' எப்போதும் டவுனில்தான் தொடங்கும், அதனால் டவுனுக்குத் தானாக அழுத்தம் கிடைத்துவிடுகிறது. திஸ்ரத்தில் அப்படி இல்லை. முதல் 'தகிட' டவுன், அப், டவுன். அடுத்த 'தகிட' அப், டவுன், அப். தட்டு விழும் இடத்தில் ஒரு முறை டவுன், மறுமுறை அப். கண்டத்தில் 'தகதகிட'வும் இதே கதைதான். வாயால் ஜதி சொல்லிக்கொண்டே வாசியுங்கள். 'த' விழும் இடத்தில் அப் ஸ்ட்ரோக் வந்தாலும் அதே அழுத்தம் கேட்க வேண்டும். அது கேட்கும் நாளில் உங்கள் வலது கை தேறிவிட்டது என்று கொள்ளலாம்.

சிறு வெடிப்பாக வேகத்தையும் தொடுங்கள். 'மெதுவாகவே வாசி, வேகம் தானாக வரும்' என்பது பாதி உண்மைதான். மெதுவாக அடிக்கும்போது கை பெரிதாக அசைந்தாலும் பிழைத்துக்கொள்ளும், வேகத்தில் அந்த அசைவு உதவாது. அதனால் ஒரு தட்டுக்கு மட்டும், நான்கு ஸ்வரம், முழு வேகத்தில் வாசித்து நிறுத்துங்கள். கை தளர்ந்ததும் மறுபடி. வேகத்தில் கை எப்படி அசைகிறதோ, அந்தச் சின்ன அசைவையே மெதுவான பயிற்சிக்கும் கொண்டு வாருங்கள்.

போனில் ஸ்லோ மோஷனில் வலது கையைப் படம் பிடியுங்கள். கண்ணாடியில் தெரியாத பிழை இதில் தெரியும்.

கேட்டும் பழகுங்கள். மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் வாசித்த எலெக்ட்ரிக் மாண்டலினில் ஐந்து ஒற்றைக் கம்பிகள்தான். அதில் பிக்கால் அடித்து கர்நாடக இசையின் அதிவேகச் சங்கதிகளைத் தெளிவாகக் கொண்டுவந்தார். ரிமெம்பர் சக்தி குழுவில் அவரும் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினும் மாறி மாறி வாசிக்கும் இடங்களை ஹெட்ஃபோனில் கேளுங்கள். எலெக்ட்ரிக் கிட்டாரிலேயே கர்நாடக இசை வாசிக்கும் ஆர். பிரசன்னாவையும் விடாதீர்கள். நம் மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் 1943-இல் பிறந்த இளையராஜா, இசையமைப்பாளர் ஆவதற்கு முன்பு சென்னையில் மற்றவர்களின் இசைக்குழுக்களில் கிட்டார் வாசித்தவர். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார், கிளாசிக்கல் கிட்டாரில் லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வும் எழுதினார். கிளாசிக்கல் கிட்டாரில் பிக் கிடையாது. ஆனால் ஸ்வர வரிசை வாசிக்கும்போது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி வர வேண்டும், ஒரே விரல் அடுத்தடுத்து இரண்டு முறை வரக்கூடாது என்பது அங்கே முதல் பாடம். 1980-இல் வந்த 'மூடுபனி' இளையராஜா இசையமைத்த நூறாவது படம். அதில் ஜேசுதாஸ் பாடிய 'என் இனிய பொன் நிலாவே' பாட்டின் கிட்டாரை, பாட்டை மறந்து, வலது கைக்காக ஒரு முறை கேளுங்கள்.

செய்யக்கூடாதவை

டிஸ்டார்ஷன் போட்டுப் பழகாதீர்கள். டிஸ்டார்ஷன் சிறிய ஓசையையும் பெரிய ஓசையையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். மெலிந்த அப் ஸ்ட்ரோக் அதற்குள் ஒளிந்துகொள்ளும். கிளீன் டோனில் பழகுங்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் ஆம்ப் இல்லாமல் வாசித்தாலும் நல்லதே, எந்த அடி மெலிகிறது என்று நேராகவே கேட்கும். ஆனால் பயிற்சியின் கடைசியில் பத்து நிமிடமாவது டிஸ்டார்ஷனோடு வாசியுங்கள். வாசிக்காத கம்பிகள் அதிரும் இரைச்சல் அப்போதுதான் வெளிவரும். அதை உள்ளங்கை ஓரத்தாலும் இடது கை விரல்களாலும் அடக்கக் கற்க வேண்டும்.

பிக்கை நசுக்கிப் பிடிக்காதீர்கள். நகம் வெளுக்கும் அளவுக்குப் பிடித்தால் அந்த இறுக்கம் முன்கை வரை ஏறும். நுனி இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே தெரிந்தால் போதும். ரொம்ப மெல்லிய பிக் வேண்டாம். அது வளைந்து திரும்புவதற்குள் அடுத்த அடி வந்துவிடும். ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாததாக வாங்குங்கள்.

முழங்கையை இறுக்கி வேகம் எடுக்காதீர்கள். அசைவு மணிக்கட்டிலிருந்து வரட்டும்.

மெட்ரோனோம் எண்ணைத் துரத்தாதீர்கள். இன்று 120, நாளை 130 என்று ஏற்றுவதில் ஒரு போதை இருக்கிறது. எண் ஏறும், ஓசை கெடும். எட்டு ஸ்வரமும் ஒரே அளவில் கேட்டால் மட்டும் நான்கைந்து எண் ஏற்றுங்கள். இல்லையென்றால் அங்கேயே நில்லுங்கள், அல்லது இறங்குங்கள்.

வலியோடு வாசிக்காதீர்கள். இடது கை விரல் நுனி எரிவது புதியவருக்கு இயல்பு, தோல் காய்த்ததும் போய்விடும். மணிக்கட்டு, முன்கை, முழங்கை வலிப்பது அப்படியல்ல. வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். மரத்துப்போதல், சுருக்கென்று குத்துதல், இரவில் கூச்சம் என்று தொடர்ந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும், தைலம் தேய்த்துவிட்டு மறுநாள் உட்காரக்கூடாது. இரண்டு மணி நேரம் ஒரே மூச்சாக உட்காருவதைவிட, இருபத்தைந்து நிமிடம் வாசித்து ஐந்து நிமிடம் கையைத் தொங்கவிடுவது மேல்.

வேர்த்த கையோடு வாசித்துவிட்டுக் கம்பியை அப்படியே விடாதீர்கள். நம் வெயிலுக்குச் சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பியில் பிக் வழுக்காமல் உரசி நிற்கும், தப்பு கையில் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

திருவிழாக் கச்சேரிக்குக் குளிர்ந்த கையோடு ஏறாதீர்கள். தேவதானப்பட்டி சிவராத்திரியோ வீரபாண்டி சித்திரைத் திருவிழாவோ, உங்கள் பாட்டு நள்ளிரவு தாண்டித்தான் வரும். அதுவரை மேடைக்குப் பின்னால் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு முதல் பாட்டிலேயே வேகமான லீடுக்குப் போனால் கை திணறும். ஏறுவதற்குக் கால் மணி நேரம் முன்பு, ஆம்ப் இல்லாமலே ஜண்டை வரிசையை இரண்டு காலத்தில் ஓட்டுங்கள்.

மேடையில் எர்த் பார்க்காமல் பிளக் சொருகாதீர்கள். இது பயிற்சி விஷயம் இல்லை, உயிர் விஷயம். கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்பின் எர்த்தோடு சேர்ந்திருக்கின்றன. ஆம்ப் ஒரு லைனிலும் மைக் செட் வேறு லைனிலும் ஓடி, எர்த் சரியில்லாமல் இருந்தால், கம்பியில் கையும் மைக்கில் உதடும் ஒரே நேரத்தில் படும்போது ஷாக் உடல் வழியே பாயும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றால் ஆபத்து இன்னும் கூடுதல். மின்சாரம் ஜெனரேட்டரில் வந்தாலும் எர்த் அடித்திருக்கிறதா என்று சவுண்ட் சர்வீஸ்காரரிடம் கேளுங்கள். ஆம்பும் மிக்ஸரும் ஒரே லைனில் இருக்கட்டும், எலெக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துவிட்டே தொடுங்கள். பாடிக்கொண்டே வாசிப்பவர் என்றால் வயர்லெஸ் மைக் கேட்டு வாங்குங்கள்.